வலப்பக்கம் பார்க்கும் மீன்

சவர்க்காரம் போட்டு, எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து, மறுபடியும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். கட்டைவிரலில் மீன் மணம் போகவில்லை. உன் வீட்டிலிருந்து வந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. செத்தவீட்டுத் துடக்கு கழியாத வீட்டுக்குள் பச்சை மீனைக் கொண்டுபோன பெட்டை என்று ஹம்பேர்க்கில் எங்களைத் தெரிந்த எல்லா வீட்டிலும் இப்போது என் பேச்சாகத்தான் இருக்கும். இருக்கட்டும். நீ இருந்திருந்தால் நீதான் அதை முதலில் சொல்லிச் சிரித்திருப்பாய், வாய் ஒரு பக்கமாக இழுபட.

நேற்று உன் அம்மா உன் நினைவு மலரின் மாதிரிப் பிரதியைக் காட்டினார். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கப்போகும் புத்தகம். அதைக் கணினியில் செய்தவர் உன் தூரத்து மாமா. எங்கள் ஆட்களில் யார் செத்தாலும் அவர்தான் கேளாமலே வந்து செய்து கொடுப்பார். நல்ல மனிதர். ஆனால் முதல் பக்கத்தைத் திறந்தபோது அங்கே இருந்தது நீ இல்லை.

காதுக்குப் பின்னால் இருந்த கட்டியை எடுத்த நாளிலிருந்து உன் முகத்தின் இடப்பக்கம் அசையவில்லை. மாமா வலது பாதியை வெட்டி, திருப்பி, இடது பாதியின் மேல் ஒட்டியிருந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சிரிக்கும் ஒரு பொம்மை. எதிரே வலது பக்கத்தில் நீ கீறிய படம், ஜெர்மன்காரர் கிளீஷ என்று சொல்லும் தட்டை மீன். அதன் தலையை இடப்பக்கமாகத் திருப்பிவிட்டிருந்தார்.

நீ அந்த மீனைக் கீற எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். வகுப்போடு வடகடலுக்குப் போனோம். சிறிய படகில் ஏற்றி, வலை இழுத்துக் காட்டினார்கள். றால்களுக்கு நடுவே உள்ளங்கை அளவில் மண்ணிறமாக ஒன்று தட்டையாகக் கிடந்தது. இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில், வாய் கோணி. நம் வகுப்புப் பையன் ஒருவன் மீனைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அவனைத் தண்ணீருக்குள் தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. நீயோ குனிந்து அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும் ரயிலில் கைபேசியை நோண்டி வாசித்து வாசித்து எனக்குச் சொன்னாய். குஞ்சாக இருக்கும்போது அது மற்ற மீன்களைப்போல நிமிர்ந்துதான் நீந்துமாம். பக்கத்துக்கு ஒரு கண்தானாம். பிறகு இடக்கண் மெல்ல மெல்லத் தலையைச் சுற்றி வலப்பக்கத்துக்கு வந்துவிடுமாம். அதன்பின் அடியில் போய்ப் படுத்து, மணலைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டிருக்குமாம். குளிர்காலத்தில் ஆழத்துக்குப் போய்விடுமாம்.

"கண்ணே இடம் மாறுதடி. ஒரு மாமியும் வந்து அதைப் பாத்து 'பாவம்' எண்டு சொல்லுறேல்ல," என்றாய்.

உனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பிடிக்காது. கோயிலில், கல்யாண வீட்டில், கடையில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் உன் தலையைத் தடவி அதைச் சொல்வார். வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் கிளீஷயின் தோல் கையில் அரம்போலப் பிடிக்கும் என்று படித்த அன்று நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். "எனக்கு உந்தத் தோல் வேணும்," என்றாய்.

மாமா திருப்பிவிட்ட அந்த மீன் உண்மையில் எப்படி இருக்கும் என்று காட்டத்தான் இன்று காலை மீன்கடைக்குப் போனேன். ஷொல்ல என்னும் வேறு தட்டை மீன்களுக்கு நடுவே ஒரு கிளீஷ கிடந்தது. குடல் எடுத்தது, தலையோடு. நேரே உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முப்பத்தொன்று முடியும்வரை உங்கள் வீட்டில் மச்சம் புழங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரத்தில் அதை நான் நினைக்கவில்லை. பையை மேசையில் வைத்துப் பிரித்தபிறகுதான் உன் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"உனக்கென்ன விசரோ? துடக்கு வீட்டுக்குள்ள மச்சமோ?"

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உன் அம்மாவிடம் சரி கேட்க மாமாவும் வந்திருந்தார். நான் அவருக்குத்தான் காட்டினேன். கண் இருக்கும் பக்கம் மேலேயும் வயிறு நம் பக்கமுமாக வைத்தால் இதன் தலை வலப்பக்கம்தான் இருக்கும், நீங்கள் போட்டிருப்பது வேறு ஏதோ மீன் என்றேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"பிள்ளை, மீன்தானே. பிள்ளையின்ர படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டால் வடிவில்லை. அதுதான் திருப்பினனான்."

"அப்ப முகம், மாமா?"

"அவளை வடிவாக் காட்டத்தானே செய்தனான்."

"அவள் வடிவாத்தான் இருந்தவள்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பெரியம்மா மீனை வெளியே கொண்டுபோகச் சொன்னார். அப்போதுதான் உன் அம்மா எழுந்து வந்தார். மீனைக் கையில் எடுத்தார். பெரியம்மா தடுக்கப் போனார், பிறகு விட்டுவிட்டார். வாலிலிருந்து திருப்பித் தடவிப் பாருங்கோ அன்ரி என்றேன். தடவினார். விரல் தலைவரை போய், அந்தக் கோணல் வாயில் நின்றது. கனநேரம் அங்கேயே நின்றது.

"அண்ணை, மற்றப் படத்தைப் போடுங்கோ," என்றார். "உந்தப் படத்தில இருக்கிறது ஆரோ பெத்த பிள்ளை."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மடிக்கணினியைத் திறந்து, வெட்டி ஒட்டாத உன் படத்தைத் தேடி எடுத்து வைத்தார். மீனைத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப சரியோ, மீன் டொக்டர்?" என்றார். ஓம் என்றேன். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். செத்தபிறகும் உன்னைத் திருத்துவதற்கு அவ்வளவு அன்பாக உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த அன்பின்மேல்தான் கூடுதலான கோபம்.

மீனைத் திரும்பக் கொண்டுவர உன் அம்மா விடவில்லை. உறைபெட்டியில் வைத்திருக்கிறார், முப்பத்தொன்று முடியப் பொரிப்போம் என்று. என்னையும் சாப்பிட வரச் சொன்னார். வருவேன்.

அன்று உன் படத்தைப் பார்த்து யாராவது பாவம் என்று தொடங்குவார்கள். அடுத்ததாக உன் சிநேகிதி என்று என் தலையைத் தடவவும் வருவார்கள். வரட்டும். உனக்குக் கிடைக்காத அந்தத் தோலை நான் போட்டுக்கொண்டு நிற்பேன்.