பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜூன் 11

காலை ஐந்து மணியிலிருந்து பதினொன்று வரை ஆற்றில் இருந்தேன். ஒரு வாலாய் மீன்கூட இல்லை. பள்ளி மூடி நான்கு நாள்தான் ஆகிறது. பள்ளிப் பேருந்து ஓட்டும்போது அறுபது பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கத்தினாலும்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை.

ஜூன் 14

காரணம் தெரிந்துவிட்டது. துடுப்பை இறக்கிப் பார்த்தேன். கல் தட்டவேண்டிய இடத்தில் மணல். கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் என் கல்வரிசையை வசந்த வெள்ளம் மணலால் மூடிவிட்டுப் போயிருக்கிறது. கோடையில் வாலாய் நிற்பதே அந்தக் கற்களுக்கு முன்னால்தான். கல் இல்லையென்றால் மீனுக்கு அங்கே என்ன வேலை?

கீழே பாறைக்கரையில் பாஸ் மீன் இருக்கிறது. குதிக்கிறது, ஆட்டம் காட்டுகிறது, கையை வலிக்கச் செய்கிறது. நல்ல மீன்தான். ஆனால் வறுத்துத் தின்ன வாலாய்தான் வேண்டும்.

ஜூன் 19

ரயில் பாலத்துக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கத்தில், மூன்று கல்வரிசைகள். மூன்றும் நன்றாக இருக்கின்றன, தண்ணீர் மடிந்து ஓடும் அலைக்கோடு இங்கிருந்தே தெரிகிறது. மூன்றும் வெர்னானுடையவை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், விவாகரத்தின்போது வீட்டைப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஆற்றைப் பிரிக்க இரண்டு மாதம். பாலத்துக்கு மேலே அவன், கீழே நான். இரீனின் தூண்டில் கடைச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். வக்கீல் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நான் ஒருநாள்கூடத் தாண்டியதில்லை. அவனும்தான், அதைச் சொல்லியாக வேண்டும்.

ஜூன் 20

அவன் படகு துறையில் போர்த்தியபடியே கிடக்கிறது. ஜூன் மாதத்தில் வெர்னான் தண்ணீரில் இல்லையா?

ஜூன் 27

இன்றும் அதே போர்வை. யாராவது பெண் கிடைத்துவிட்டாளா? கிடைத்தால் எனக்கென்ன. மீனை விட்டுவிட்டு அவளோடு சுற்றுகிறான் என்றால்தான் கோபம் வரும். என்னோடு இருந்தபோது கல்யாண நாளில்கூட ஆற்றில்தான் இருந்தான்.

இரீனிடம் இரைக்கு அட்டைப்பூச்சி வாங்கும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டேன். “எனக்கு எதுவும் தெரியாதும்மா” என்று சொல்லிவிட்டு ஈயக்குண்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். இரீனுக்கு எதுவும் தெரியாதாம். இந்த ஊரில் யார் வீட்டு நாய் எப்போது குட்டி போட்டது என்பதுவரை சொல்லுகிறவள்.

ஜூலை 2

ஆற்றிலிருந்து மே பூச்சி கிளம்பிவிட்டது, பேரில்தான் மே. கரைச் சாலையில் ஈசல் மாதிரி குவியல் குவியலாக, வண்டிகள் வழுக்குகின்றன. ஆற்றில் எல்லா மீனும் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கிடக்கும். நான்கு நாளைக்குத் தூண்டில் போட்டுப் பயனில்லை. சமையலறை அலமாரிகளைக் கழுவினேன். இரண்டு தடவை.

ஜூலை 8

தாண்டிவிட்டேன்.

பாலத்தடியில் வேகத்தைக் குறைத்தேன், திரும்பத்தான் நினைத்தேன், கை திருப்பவில்லை. நடுக் கல்வரிசையில் நங்கூரம் போட்டு முக்கால் மணி நேரத்தில் நான்கு வாலாய். ஒன்று இருபத்திரண்டு அங்குலம். சந்தோஷமாக இருக்கவேண்டும் இல்லையா? வீட்டுக்கு வந்து சன்னல் திரையை இழுத்துவிட்டு மீன் வறுத்தேன். என் வீட்டில், என் அடுப்பில், திருடி மாதிரி.

ஜூலை 12

மறுபடியும் போனேன். நங்கூரம் போட்ட பிறகுதான் பார்த்தேன், அவன் துறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். இருபது கஜ தூரம். நல்ல வெயில்.

அவன் கழுத்தைச் சாய்த்துக் கோழி மாதிரி ஒரு பக்கமாகப் பார்த்தான். பிறகு சொன்னான்: “யாருங்க அது? அந்த இடம் என்னோடதுங்க.”

யாருங்கவாம்! முப்பத்தோரு வருஷம் ஒரே படகுல உட்கார்ந்தவளப் பாத்து யாருங்கன்னு கேக்குறான். திட்டியிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன். கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். தெரியாதவ மாதிரி மரியாதை குடுத்துக் கேக்குறதுன்னா என்ன திமிரு இது.

நங்கூரத்தை இழுத்துப் போட்டு, மோட்டாரைக் கிளப்பி வந்துவிட்டேன்.

ஜூலை 13

அவன் ஏன் அப்படிச் சாய்ந்து பார்த்தான்?

ஜூலை 14

இரீனை விடவில்லை. கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். கடைசியில் சொன்னாள். குளிர்காலத்திலிருந்தே வெர்னானுக்கு இரண்டு கண்ணிலும் நடுவில் பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். மே மாதம் அலைக்கோடு தெரியாமல் தன் கல்வரிசையிலேயே படகை மோதி, மோட்டாரின் அடிப்பாகத்தை உடைத்துக்கொண்டான். எனக்கு மட்டும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.

“நேத்து வந்தான். அன்னிக்குத் துறை முன்னால நின்னது நீதான்னு முதல்ல தெரியலையாம். கிளப்பும்போது மோட்டார் மூணு தடவை இருமுச்சாம். அப்பத்தான் தெரிஞ்சுதாம்.”

கோபமாக இருக்கிறானா என்று கேட்டேன். அவள் புழு டப்பாவைத் திறந்து காட்டினாள், புதுசாக வந்திருக்கிறதாம்.

ஜூலை 16

மன்னிப்புக் கேட்கப் போனேன். ருபார்ப் தண்டு வைத்துப் புளிப்பும் இனிப்புமாகப் பை ஒன்று சுட்டு எடுத்துப்போனேன், கையில் எதுவும் இல்லாமல் அந்த வாசலில் நிற்க முடியாது. அவன் வாங்கி வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி எத்தனை பிடித்தாய் என்பது. நாலு என்றேன்.

“எங்க நங்கூரம் போட்ட?”

“அலைக்கோட்டுக்கு நேர் மேல.”

“அங்கதான் தப்பு. அலை கல்லுக்குக் கீழ தள்ளித்தான் தெரியும். இன்னும் ரெண்டு படகு நீளம் மேல போயிருந்தா எட்டு பிடிச்சிருப்ப.”

திருடியாகப் பிடிபட்டு நிற்கும்போதும் திருத்துகிறான்! இதனால்தானே விட்டுவிட்டு வந்தேன். குடி இல்லை, அடி இல்லை, வேறு பெண் இல்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு திருத்தம். முடிச்சு தளர்வு, ஈயம் கனம், வீசினது சீக்கிரம், இழுத்தது லேட்டு. முப்பத்தோரு வருஷம். கேட்டவர்களுக்கு இதைக் காரணமாகச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது, “என் பக்கத்துல தாராளமா மீன் பிடிச்சுக்க, இனி அது யாருக்கு” என்றான். தன்னைக் கூட்டிப்போகும்படி கேட்கவில்லை. கேட்க மாட்டான்.

ஜூலை 17

கேட்காதே வெர்னான். தயவுசெய்து கேட்காதே.

ஜூலை 19

என் படகில் ஒன்பது வருஷமாக யாரும் என்னைத் திருத்தியதில்லை. தப்பாக முடிச்சுப் போட்டு, தப்பாக வீசி, தப்பான நேரத்தில் இழுத்து, நானாகக் கற்றுக்கொண்டேன். பிடிக்காமல் வந்த நாளிலும் நிம்மதியாக வந்தேன். அதை எடுத்து அவனிடம் கொடுக்கவேண்டுமா? எவ்வளவு கல்நெஞ்சக்காரி நான் என்றும் தோன்றுகிறது. தூக்கம் சரியில்லை. இரண்டு நாளாகப் படகை எடுக்கவில்லை.

ஜூலை 23

இன்று எடுத்தேன், ஆனால் என் பக்கத்தில்தான், பாஸுக்கு. பாலத்துக்குக் கீழே மோட்டாரைக் கிளப்பினேன், வழக்கம்போல மூன்று இருமல். மேலே துறையில் நாற்காலி அசைந்தது. நான் கீழ்நோக்கிப் போகப் போக அவனும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே வந்தான், நாற்காலியோடு. சத்தம் போகும் திசைக்கு.

வளைவு திரும்பியதும் மோட்டாரை நிறுத்திவிட்டு அழுதேன். ஒரு பாஸ் இரையைத் தின்றுவிட்டுப் போயே விட்டது.

ஜூலை 24

அவன் துறைக்குப் போனேன். “என் படகுல வா, ஒரு நாள்தான்” என்றேன். “வாயைத் திறந்தா கரையில இறக்கி விட்டுருவேன்.”

“மோட்டாரோட ஸ்பார்க் பிளக்கை மாத்து” என்றான். “ஒரு வருஷமா இருமிட்டிருக்கு.”

ஆகஸ்ட் 6

நடுக் கல்வரிசை, அலைக்கோட்டிலிருந்து இரண்டு படகு நீளம் மேலே. கோடு எங்கே வளைகிறது என்று நான் சொல்ல, எங்கே வீசவேண்டும் என்று அவன் சொன்னான். அவனுக்கு ஐந்து வாலாய், எனக்கு மூன்று. பதினான்கு தடவை திருத்தினான். எண்ணினேன். பதினான்காவது சரியாகத்தான் இருந்தது, அவனிடம் சொல்லவில்லை.

ஸ்பார்க் பிளக் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் மாட்டவில்லை. இருமல் கேட்டதும் அவன் துறையில் எழுந்து நிற்கிறான், தொப்பியோடு.

நாளை ஐந்தரைக்கு.