கறுத்ததென்று நான் சொன்ன மரம்

இன்று மத்தியானம் ரயில்பாதை ஓவசியர் ஒரு மரச் சிராயோடு வாசலில் நின்றார். "அக்கா, இது எந்தச் சாதியெண்டு ஒருக்கால் எரிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். அடுப்பில் பிடித்தேன். அந்த மணம் குசினி முழுக்கப் பரவியதும் உங்களோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து, தண்டவாளத்தின் கீழ்க் கிடந்து, பழசென்று கழித்த சிலிப்பர் கட்டையில் கிற்றார் செய்யப்போவதாக நீங்கள் சொன்னபோது கொடிகாமமே சிரித்தது. நானும்தான். கதவும் கட்டிலும் செய்கிற கைக்கு வந்த ஆசையைப் பார் என்று. பட்டர் ரின் வந்த பெட்டியின் வெள்ளைப் பலகையைக் கிற்றாரின் முகத்துக்கு வைத்தீர்கள். சிவந்த சிலிப்பர் மரத்தில் முதுகும் கழுத்தும் அறுத்து, வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, நெல்லியடிப் பாட்டு மாஸ்ரருக்குக் கொடுத்தீர்கள். பங்குனி வெயிலுக்குக் கழுத்து வளைந்துபோய் அவர் திருப்பிக் கொண்டுவந்தார். இரண்டு நாள் நீங்கள் சோற்றில் கை வைக்கவில்லை.

உங்கள் கழிவுத் துண்டுகள்தானே எனக்கு விறகு. எரிந்தபின் சில துண்டு கரியாய்க் கறுத்துக் கிடக்கும். சில துண்டு வெள்ளைச் சாம்பலாய் உதிரும். இது ஒரே மரமில்லை என்று அந்த இரண்டு நாளில்தான் எனக்கு மண்டையில் ஏறியது. வளைந்த கழுத்தில் ஒரு சிராய் உரித்து எரித்தேன். வெள்ளை! ஓவசியரைக் கேட்டபோது, "ஓம், ஜாரா, காரி எண்டு ரெண்டு சாதி வாறது. பார்வைக்கு ஒண்டுதான்" என்றார். கறுக்கிற ஜாராவில் நீங்கள் செய்த அடுத்த கழுத்து அசையாமல் நின்றது.

அதன்பிறகு நான் எரித்துப் பார்க்காமல் ஒரு கட்டையும் அறுபடவில்லை. "மனுசி கறுப்பெண்டு சொல்லட்டும், பிறகு வாளைத் தொடுறன்" என்று வருகிறவர்களிடம் சொல்வீர்கள். வெளியே முறைத்தாலும் உள்ளே எனக்குப் பெருமைதான்.

பிறகு உங்களுக்கு நெஞ்சு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தீர்கள். டொக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை உங்களுக்கு நான் சொல்லவில்லை. மாஸ்ரர் இன்னொரு கிற்றார் கேட்டிருந்தார். கழுத்துக்கு நீளம் காணக்கூடிய கட்டை வீட்டில் ஒன்றுதான் மிச்சம். படுக்கையிலிருந்து கேட்டீர்கள்: "இஞ்சாரும், கறுத்துதோ?"

என் உள்ளங்கையில் வெள்ளைச் சாம்பல் இருந்தது. வேறு கட்டை தேடிவரும்வரை நீங்கள் இருக்கப்போவதில்லை.

"ஓம், நல்லாக் கறுத்துப்போச்சு" என்றேன்.

எழும்பி உட்கார்ந்துவிட்டீர்கள். மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் இருந்து இருந்து சீவினீர்கள். இருமலுக்கு நடுவே பாட்டு வேறு. எனக்கு ஒரு கண்ணில் சந்தோசம், மறு கண்ணில் களவு.

உங்கள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து மாஸ்ரர் வந்தார். கிற்றாரைக் கொடுக்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "மாஸ்ரர், உது வளையும். நான் அவருக்குப் பொய் சொல்லிப்போட்டன்" என்று அழுதேன்.

அவர் கிற்றாரைத் திருப்பிக் காட்டினார். கழுத்தின் அடியில் இரண்டு பித்தளைத் திருகாணி. "அண்ணை இதுக்கு வச்சிரம் போடேல்லை, அக்கா. இந்தக் கழுத்து கனநாள் நிக்காது, நல்ல மரம் கிடைச்சால் கழட்டி மாத்துங்கோ எண்டு நான் பாக்க வந்த நேரம் எனக்குச் சொன்னவர். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டும் கேட்டவர்."

எப்படி அறிந்தீர்கள்? உளி சொன்னதோ, என் முகம் சொன்னதோ. எனக்கு உங்கள் மேல் சரியான கோபம். திருகாணி போட்ட ஆளுக்கு டொக்டர் சொன்னதும் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த மூன்று கிழமையும் நான் உங்களைச் சந்தோசமாக வைத்திருந்தேன் என்றல்லவா இருந்தேன். நீங்கள் பாடியது எனக்காகவா?