சட்டை போட்ட காட்டுப்பன்றி

அக்கா,

இன்று காலை மகளின் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள பள்ளிதான். தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்ததும் மேசைமேல் நம் படப்புத்தகம் கிடப்பதைப் பார்த்தேன். நடுவில் கிழிந்து, நீ செல்லோடேப் ஒட்டிச் சேர்த்த அதே அட்டை.

“இது உங்க வீட்டுப் புத்தகமா சார்?” என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். உட்காரச் சொல்லவில்லை.

உன் பள்ளி நூலகத்துக்கு யாரோ கொடுத்த புத்தகங்களோடு அது வந்தது. ஒரு வீடு. தட்டில் சோறு போட்டதும் ஒரு காட்டுப்பன்றி உள்ளே வரும். ஆம்பளைச் சட்டை போட்டிருக்கும். பானையை உடைக்கும், அம்மாவை முட்டித் தள்ளும். ஒரு நாள் அந்த வீட்டுச் சின்னப் பெண் உலக்கையை எடுத்து அதை அடிக்கிறாள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. பிறகு அம்மாவும் மகளும் கதவைச் சாத்திவிட்டு வெளியே போகிறார்கள். அப்பா என்ற சொல் புத்தகத்தில் எங்குமே வராது. ஆனாலும் பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகளிடமிருந்து அதைத் திரும்ப வாங்கச் சொன்னார்கள். தொலைந்துவிட்டது என்று நீ கூசாமல் பொய் சொன்னாய்.

அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஆறு. பரவையில் வாடகை வீடு. அப்பா விடியுமுன் மார்க்கெட்டுக்கு மூட்டை இறக்கப் போவார், மதியம் குடித்துவிட்டு வருவார். சோறு குழைந்தால் அடி, குழையாவிட்டாலும் அடி. அம்மாவின் தலை சுவரில் மோதும் சத்தம் எனக்குக் கேட்கக்கூடாது என்று பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் என்னை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தை உரக்க வாசிப்பாய். அங்கே சத்தம் கூடினால் உன் குரலும் கூடும். “படத்தப் பாரு, அங்கிட்டுப் பாக்காத” என்பாய். எனக்கு எழுத்து தெரியுமுன்பே அந்தக் கதை மனப்பாடம்.

ஒரு நாள் அந்தக் குரல் அவருக்கே கேட்டுவிட்டது. புத்தகத்தைப் பிடுங்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்தானே. நின்றபடியே கடைசிப் பக்கம் வரை பார்த்தார்.

“யாருடீ பன்னி?” என்றார்.

புத்தகத்தை இரண்டாகக் கிழித்து எறிந்துவிட்டு உன் இடது கன்னத்தில் அறைந்தார். நீ சுருண்டு விழுந்தாய். காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது. தடுக்க வந்த அம்மாவை வயிற்றில் மிதித்தார். அப்போதுதான் நீ எழுந்து, கதவு மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டிக் காம்பை எடுத்தாய். முதல் அடி அவர் மணிக்கட்டில். எலும்பு உடைந்த சத்தத்தை நான் பீரோவோரத்தில் இருந்து கேட்டேன். இரண்டாவது அடி முழங்காலில். மூன்றாவதற்கு ஓங்கியபோது அம்மா உன் காலைக் கட்டிக்கொண்டு, “போதும்டீ, செத்துருவாரு” என்று கதறினாள். நீ நிறுத்தினாய். ஆனால் காம்பைக் கீழே போடவில்லை.

“இனி அம்மாவத் தொட்டா இந்தக் கை இருக்காது” என்றாய். உன் பல்லிடுக்கிலும் ரத்தம்.

புத்தகம் படித்துப் பொட்டப்பிள்ளை கெட்டுப்போச்சு என்று தெருவே பேசியது. அம்மாவின் உடம்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அப்பா அதற்குப்பின் நீ வீட்டில் இருக்கும்போது கை ஓங்கியதில்லை. உனக்கு இடது காது கடைசி வரை கேட்கவில்லை.

என் மகளுக்கு ஆறு வயது முடிந்த அன்று நீ அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாய். எனக்குக் கோபம்.

“ஏக்கா, இம்புட்டுப் புத்தகம் கெடக்கு, இதப் போயி பிள்ளைக்குக் குடுக்கிறியே. ரத்தமும் அடியுமா.”

“நீ இதக் கேட்டுத்தானடா வளந்த.”

“அது வேற. இங்க யாரு அடிக்கிறா?”

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு, “அடிக்கலன்னா வெறும் பன்னிக் கதைதான். வச்சிரு” என்றாய். நான் அதைப் பீரோவுக்கு மேலே எறிந்தேன். அடுத்த முறை நீ வந்தபோது அதை எடுத்து, அவளை மடியில் வைத்து வாசித்தாய். ஆறு மாதத்தில் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நீ போனபின் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

போன ஆடியில் ஒரு மதியம், மூன்று முறை கூப்பிட்டும் என் மனைவி போனை எடுக்கவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கடையிலிருந்து வந்த வேகத்தில் என்னவென்றுகூடக் கேட்காமல் அறைந்தேன். அது முதல் அறை அல்ல அக்கா. மூன்றாவது. முதல் இரண்டையும் பிள்ளை பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். உதடு கிழிந்து ரத்தம் சேலையில் சொட்டியது. நான் மறுபடி கையை ஓங்கினேன்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து வாசிப்பு கேட்டது. மகள் தரையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அழவில்லை. “பன்றி பானையை உடைத்தது. பன்றி அம்மாவை முட்டியது.” என்னைப் பார்க்காமல் வாசித்தாள். நான் கத்த, அவள் குரல் கூடியது. உன் குரல் எப்படிக் கூடுமோ அப்படி.

மனைவியும் மகளும் அன்றே அலங்காநல்லூருக்கு, என் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு மாதம். நாலாவது முறை நான் போனபோதுதான் மனைவி வெளியே வந்து பேசினாள். “இன்னொரு தடவ கை நீட்டுனா நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன். ஒங்க அக்கா அப்பன்னு பாக்கல. நானும் புருசன்னு பாக்க மாட்டேன்.” சரி என்றேன். வந்தாள்.

இன்று அந்த அறையில் இன்னொரு தகப்பனும் இருந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. அவர் பேச, அவர் மனைவி குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“மேடம், என் மக என்னையப் பாத்துப் பன்னிங்கிறா. இவரு பிள்ளைதான் கிளாஸ்ல இத வாசிச்சுக் காட்டியிருக்கு. பன்னி யாருன்னு மத்த பிள்ளைக கேட்டதுக்கு எங்கப்பான்னு சொல்லியிருக்கு. எம்புட்டு அசிங்கம் சார் ஒங்களுக்கு?”

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். பிள்ளை விளையாட்டாகச் சொல்லியிருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடித்துவிடக் காத்திருந்தார்.

“அவ பொய் சொல்லல மேடம்” என்றேன். “நான் என் பொண்டாட்டிய அடிச்சேன். பிள்ள பாத்தா.”

அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார். மனைவியையும் எழச் சொன்னார். அந்த அம்மா உடனே எழவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து ஒரு பக்கத்தைத் திருப்பினார். அப்புறம் மூடிவிட்டுப் போனார்.

“இத இனிமே ஸ்கூலுக்குக் குடுத்து விடாதீங்க” என்று தலைமையாசிரியை என்னிடம் நீட்டினார். பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் மகளிடம் கொடுத்தபோது, “ஒங்களத் திட்டுனாங்களாப்பா?” என்று கேட்டாள். “நான்தான் சொன்னேன், நீ சொன்னது நெசம்னு” என்றேன். அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

நான் திருந்திவிட்டேன் என்று உனக்கு எழுதக் கை வரவில்லை. கோபம் வரும்போது உள்ளங்கை இன்னும் சூடாகிறது. அப்போது வெளியே போய் நிற்கிறேன். கோபம் இல்லாத நேரத்திலும், அடுப்படியில் என் மனைவியின் தலைக்கு மேல் நான் சும்மா கை நீட்டினால் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். அவளுக்கே தெரியாமல்.

அதனால் இப்போதெல்லாம் கையைத் தூக்குமுன் சொல்லிவிடுகிறேன். “மேல இருக்க சீனி டப்பாவ எடுக்கப் போறேன்.” அவள் நகர்ந்து நின்று, ம் என்று சொன்ன பிறகுதான் கையைத் தூக்குகிறேன்.