சாக்கில் சுற்றிய ஆக்சில்

ஏனுங்க,

என் விரல்களில் இன்று கறுப்புக் கிரீஸ். குளியல் சோப்பு, துணி சோப்பு இரண்டுக்கும் அசையவில்லை. கடைசியில் நீங்கள் செய்வதுபோலவே, காலையில் வடிகட்டிய தேயிலைச் சக்கையை அள்ளிச் சோப்போடு சேர்த்துத் தேய்த்தேன். பாதி போயிற்று, மீதி நகக்கண்ணில் நிற்கிறது. சமையலறை முழுக்க உங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசனை. தொழிற்சாலைக்கு லீவு என்றால் காலையிலேயே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, மத்தியானம் அதே கையோடு சோற்றுக்கு வந்து உட்காருவீர்களே, அந்த வாசனை. அப்போதும் மூக்கைச் சுளித்தேன், இப்போதும் சுளித்தேன். ஆள் போய்விட்டார் என்பதற்காகக் கிரீஸ் மணக்கவா போகிறது?

விஷயத்துக்கு வருகிறேன். வண்டி மறுபடியும் ஆடத் தொடங்கிவிட்டது.

நீங்கள் போன பிறகு, ஐம்பத்தெட்டு வயதில், நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். உங்களிடம் கற்றிருந்தால் ஏதாவது ஒரு வளைவில் இறங்கி அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக, லவ்டேலிலிருந்து நம் வீட்டுக்கு ஏறும் அந்த ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் போதும், இருக்கை, ஸ்டியரிங், என் பல் எல்லாம் கிடுகிடுவென்று நடுங்கும். காலை எடுத்தால் அடங்கிவிடும். இறக்கத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வரும்.

உங்கள் மகன் கோயமுத்தூரிலிருந்து போனில் சொன்னான்: "அம்மா, அது பழைய இரும்பும்மா. வித்துப்போட்டு இங்க வந்துரு." வண்டி போனால் அடுத்தது வீடுதான் என்று எனக்குத் தெரியாதா? பஸ் நிறுத்தத்திலிருந்து அரிசிப்பையைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏற என் முட்டி ஒத்துழைக்காது. ஒரு மழைக்காலம் தாங்குவேன். அப்புறம் நானே வீட்டைப் பூட்டிவிட்டு அவன் ஃபிளாட்டில் போய் உட்காருவேன், எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டு. அவன் அதற்குள் வாங்கும் ஆளையே பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். "அதுக்குள்ள சரி பண்ணிக் காட்டறேன், முடியலைன்னா வித்துரு" என்று கோபத்தில் வாயை விட்டுவிட்டேன்.

எனக்கு என்ன தைரியம் தெரியுமா? எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே நடுக்கம் வந்ததே, அதைக் கண்டுபிடித்தவள் நான்தானே.

மறந்திருக்க மாட்டீர்கள். "ஏத்தத்துல கிளட்ச்சை விட்டீங்கன்னா முன்னால என்னமோ எந்திரிச்சு உக்காருதுங்க" என்று பக்கத்து இருக்கையிலிருந்து சொன்னேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கம்முனு இரு புள்ள. மிதிச்சா நடுங்குதுன்னா ஆக்சில்தான்." அவ்வளவுதான், தீர்ப்பு. மேட்டுப்பாளையம் இறங்கி, முன்சக்கரத்தைச் சுற்றவைக்கும் அந்தத் தண்டைக் கழற்றிப் புதிதாகப் போட்டீர்கள். சமவெளியில் வண்டி வெண்ணெயாக ஓடியது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. திரும்பி வரும்போது பர்லியாறு தாண்டவில்லை, நடுக்கம் தொடங்கிவிட்டது. ரோட்டில் குழி என்றீர்கள். எந்தக் குழி குன்னூர் வரைக்கும் கூடவே வரும்?

அதற்குப் பிறகு டயர், பிளக், வீல் பேலன்ஸ். மூன்று மாதம் நான் சொன்னதை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இருக்கையில், ஒருவர் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு. என்னைக் கூப்பிட உங்களுக்கு மனசு வரவில்லை. கடைசியில் ஒரு காலையில் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, "செரி, நீ ஏறி உக்காரு" என்றீர்கள், கடனே என்று. ஓட்டத் தெரியாத நான், நீங்கள் சொல்லச் சொல்ல ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விட்டேன். பக்கவாட்டில் நின்றிருந்த உங்கள் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அது போன போக்கிலேயே புரிந்துவிட்டது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்து, இன்ஜின் எகிறிக்கொண்டிருந்தது.

ஏன் கிழிந்தது என்பதையும் அன்றே சொன்னேன். உறைபனியில் ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொள்ளும் என்று இங்கே எல்லாரும் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். நீங்கள் கியரில் நிறுத்துவீர்கள், கல் வைக்கமாட்டீர்கள். கல் பயந்தாங்கொள்ளிகளுக்காம். நம் வாசல் சரிவில் ராத்திரி முழுக்க வண்டியின் பாரம் எல்லாம் அந்த ரப்பரில். வேறு காரணம் இருக்கலாம் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். நான் இதைத்தான் சொல்வேன்.

கழற்றிய பழைய ஆக்சிலைச் சாக்கில் சுற்றி விறகுக் கொட்டகையில் வைத்தீர்கள். "நல்ல ஆக்சில் புள்ள இது, இருக்கட்டும்." "நல்லதுன்னா எதுக்குங்க கழட்டுனீங்க?" என்று கேட்டேன். நீங்கள் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினீர்கள்.

அன்றிலிருந்து நான் உங்களை விட்டேனா? மழை வராது என்பீர்கள், "ஆக்சில் மாதிரியா?" என்பேன். பையன் பாஸாகிவிடுவான் என்பீர்கள், "ஆக்சில் மாதிரியா?" ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே, "பத்து நாள்ல ஊட்டுக்குப் போயிரலாம்" என்றீர்கள். வாய் சும்மா இருந்ததா? அப்போதும் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள், இருமல் வரும்வரை. ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள். அந்தச் சிரிப்பு நிஜச் சிரிப்புதானா என்று கேட்க ஆள் இல்லை.

இந்தத் தடவை மகன் முதலில் வண்டியைக் கோயமுத்தூருக்கு எடுத்துப்போனான். அங்கே ஏது ஏற்றம்? ஒர்க்ஷாப்காரர்கள் மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டமே இல்லீங்களே சார், அம்மாவுக்குப் பழக்கம் பத்தல" என்றார்களாம். எனக்கு வந்த எரிச்சலை எழுதினால் தாள் தாங்காது. அப்புறம் நேற்று, வியாழக்கிழமை, கேத்தியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார், நடுங்குகிறது என்று ஒப்புக்கொண்டார். உடனே போனை எடுத்து, "உங்க மகன் சார்கிட்டப் பேசிக்கறேனுங்க" என்றார்.

"தம்பி, ஓட்டறது நானு. எங்கிட்டச் சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னாடி ஏறி உக்காருங்க" என்றேன். பானெட்டைத் திறந்து, உங்களைப் போலவே பக்கவாட்டில் நின்றுகொண்டேன். மவுண்ட்தான், எனக்குத் தெரியும். அவர் கிளட்ச்சை விட்டார். இன்ஜின் கொஞ்சம் அசைந்து நின்றது. இன்னொரு தடவை என்றேன். நாலு தடவை விடச் சொன்னேன். எகிறவே இல்லை.

"மவுண்ட் நல்லா இருக்குதுங்கம்மா" என்று இறங்கி, டார்ச்சோடு அடியில் புகுந்தார். "இங்க பாருங்க." நானும் குனிந்து கையை விட்டேன். வலதுபக்கம், கியர் பெட்டியை ஒட்டி ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் வெளியே அடித்துக் கிடந்தது. விரலெல்லாம் கறுப்பு.

"ஆக்சிலுங்க" என்றார்.

நான் குனிந்தபடியே முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை அழவைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார் போல, குரலைத் தணித்தார். "தேஞ்சு போச்சுங்க, மாத்தோணும். ஆனா இந்த மாடலுக்கு இப்ப கெடைக்கறது கஷ்டம். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆவாதுங்கம்மா."

அப்போதுதான் விறகுக் கொட்டகை ஞாபகம் வந்தது. போன மாதம் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தபோது அந்தச் சாக்கைப் போட்டுத் தொலைத்துவிடத்தான் போனேன். கனம், இடுப்பு பிடித்துக்கொண்டது, விட்டுவிட்டேன். பாசத்தில் பத்திரப்படுத்தினேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மெக்கானிக் சாக்கைப் பிரித்தார். உள்ளே பிளாஸ்டிக் உறை, அதற்குள் எண்ணெய் பூசிய துணி, அதற்குள் ஒரு துளி துரு இல்லாமல் ஆக்சில். தினக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து நூலால் கட்டியிருந்தீர்கள். உங்கள் கோழிக்கிறுக்கல்: "வலது பக்கம். நல்லது. புள்ள, வீசிராத."

புது உறையும் கிரீஸும் வாங்கி வந்து இன்று காலை அதை மாட்டினார். பிடித்துக்கொடுத்தது நான். லவ்டேல் வரை இறங்கித் திரும்பி, அந்த ஏற்றத்தில் நன்றாக மிதித்தேன். நடுங்கவில்லை. வாசல் சரிவில் கியரில் நிறுத்திக் கல் வைத்தேன். அதில் மாற்றமில்லை. மகனைக் கூப்பிட்டு, "உங்கப்பா சொன்னதுதான். ஆக்சில்" என்றேன். சிரித்தான். "அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடறேம்மா" என்றான்.

நீங்கள் இருந்தவரை கேலி செய்தேன். தேவையில்லாமல் நீங்கள் கழற்றிய அதே ஆக்சில்தான் இப்போது என்னை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டுவருகிறது. நீங்கள் இருந்திருந்தால் இதை ஒரு வருஷமாவது சொல்லிக் காட்டியிருப்பீர்கள், சாப்பிடும்போது, படுக்கும்போது, வந்தவர் போனவரிடமெல்லாம். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பேன். சொல்லிக் காட்டக்கூட இருக்காமல் போய் ஜெயித்துவிட்டீர்களே, அதைத்தானுங்க என்னால் பொறுக்க முடியவில்லை.