பக்கத்துக் கேட் திறந்து கிடந்தது

தேவிகுளம்
சித்திரை 14, ஞாயிறு

அன்பு மகன் லோகேஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா, மோனிஷா, பிள்ளைகள் எல்லாரும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுவாய், அதற்குள் பிள்ளைகள் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள், மிச்ச நேரத்துக்கு சிக்னல் இருக்காது. இது நீ குறுக்கே பேசாமல் கேட்க வேண்டிய விஷயம். சுவக்கீன் அண்ணன் மகன் ஜோஸ் லீவு முடிந்து புதன்கிழமை மஸ்கட் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டதும் ஷீனாவின் நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இந்த எஸ்டேட் லயத்தில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கைக்கு, பெற்ற பிள்ளைக்கு எழுத வராமலா போகும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். போன வாரம் மோனிஷாவையும் ஷீனாவையும் அஜயையும் கூட்டிக்கொண்டு கோவிந்தாபுரத்துக்கு, உன் மாமனார் நாச்சிமுத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அந்த மூன்று நாளும் மறையூரில் சித்தி வீட்டில் இருப்பதாக உன்னிடம் சொன்னது பொய். அப்படிச் சொல்லச் சொன்னவள் நான், மோனிஷாவை ஒரு வார்த்தை திட்டினாய் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஷீனா பிறந்த நாற்பதாம் நாள் கைக்குழந்தையோடு நீங்கள் இருவரும் அங்கே போனபோது, தேயிலை கிள்ளுகிற வீட்டு ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று சொல்லி, கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்ததையும், குடிக்க ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியதையும் நான் மறக்கவில்லை. அன்று நீ திரும்பி வந்து, நம் ஆட்கள் யாரும் இனி அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். ஐந்து வருஷம் அதைக் காப்பாற்றினேன். இப்போது மீறிவிட்டேன். ஏன் என்று முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

பங்குனியில் மாங்காய் பறிக்கும்போது உன் மாமனார் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் பண்ணி பிளேட் வைத்திருக்கிறார்கள். மோனிஷாவின் அம்மா கமலாத்தாள் வியாழக்கிழமைகளில் சந்தைக்குப் போகிற சாக்கில் புருஷனுக்குத் தெரியாமல் மகளுக்குப் போன் பண்ணுவாள், இது உனக்குத் தெரியும், அவள்தான் சொன்னாள், அதுவும் விழுந்து பதினோரு நாள் கழித்து. அதைக் கேட்டதிலிருந்து உன் பெண்டாட்டி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். உனக்குத் தெரிந்தால் மனசு சங்கடப்படும் என்று உன்னிடம் மறைத்தாள். மூன்றாம் நாள் நான் அதட்டிக் கேட்டபோது, எங்கப்பன் செத்தாக்கூட எனக்குச் சொல்லுவாங்களான்னு தெரியலீங்கத்தை என்றாள். அழவில்லை, சும்மா சொன்னாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்குமா? உன் அப்பா, லோகேஷ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போயேன் என்றார். கேட்டா வேண்டாம்பான், வேண்டாம்னு சொன்ன பொறவு போனா அதுதான் தப்பு, கேக்காமப் போனா பாதித் தப்பு என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். மழை விழுந்து கொழுந்து கொட்டுகிற நேரம், பேக்டரியில் அவருக்கு லீவு கிடையாது.

சுவக்கீன் அண்ணன் ஜீப்பில் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நான் புத்திசாலித்தனமாகப் பிள்ளைகள் இரண்டுக்கும் ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் மாட்டி, கம்பளியும் எடுத்துக்கொண்டேன். மூணார் தாண்டியதும் அஜய் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தால் பழத்தைக் கடித்துத் துப்புகிறான். மறையூர் வருவதற்குள் நாலு தடவை, கடைசியில் வயிற்றில் ஒன்றும் இல்லாமல் சுவக்கீன் அண்ணன் கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கும் ஜெபமாலையையே பார்த்துக்கொண்டு பாவமாக உட்கார்ந்திருந்தான். சின்னாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி, எங்கே போகிறீர்கள் என்று காவலர் மலையாளத்தில் கேட்டார். உன் மகள் முந்திக்கொண்டு, எங்கம்மாவோட அப்பாவப் பாக்கப் போறோம், அவரு எங்ககூட டூ விட்டுருக்காரு என்றாள். அந்த மனுஷனுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே தடுப்புக் கம்பைத் தூக்கினார். மோனிஷா முகத்தைத் திருப்பிக் காட்டைப் பார்த்துக்கொண்டாள். உடுமலைப்பேட்டையில் இறங்கினால் நெருப்பு, ஸ்வெட்டரைக் கழற்றினால் பிள்ளைகளின் முதுகு முழுக்க வேர்க்குரு. இருபது வருஷமாகச் சமவெளிக்குக் கல்யாணம் காட்சி என்று போய்வருகிறேன், ஒவ்வொரு தடவையும் கம்பளி எடுத்துக்கொண்டுதான் போகிறேன். பொள்ளாச்சியில் இளநீர் வாங்கிக் கொடுத்ததில் அஜய்க்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதோடு பசியும் வந்துவிட்டது, அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அந்தப் பசியால்தான்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கேட் சாத்தியிருந்தது. முன்வராந்தாவில் கட்டில் போட்டு உன் மாமனார் படுத்திருந்தார், ஊன்றி நடக்கிற நான்கு கால் பிடிக்கம்பி பக்கத்தில் இருந்தது. ஜீப் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார். மகளைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கமலாத்தாள் உள்ளேயிருந்து ஓடி வந்து, புருஷனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு முந்தானையைக் கசக்குகிறாள், அவளுக்கும் வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. எத்தனை நேரம் நின்றோம் என்று தெரியாது. எனக்கு உச்சிவெயிலும் ஆத்திரமும் சேர்ந்து கண் இருட்டியது. உன்னை நிறுத்திவைத்த அதே இடத்தில் நானும் வந்து நிற்கிறேனே என்று நினைத்தேன் ஐயா, உன் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். வா தாயி, வண்டில ஏறு, பாத்தாச்சில்ல, போவோம் என்று மோனிஷாவின் கையைப் பிடித்து இழுத்தேன். இன்னும் ஒரு நிமிஷமுங்கத்தை என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று திரும்பினால் பிள்ளைகளைக் காணவில்லை.

அந்த வீட்டை நீ வெளியிலிருந்து பார்த்திருக்கிறாய். ஒரே நீளமான ஓட்டு வீடு, அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, முற்றத்துக்கும் இடுப்புயரத்துக்கு மதில் கட்டி, ஆளுக்கொரு கேட் வைத்துக்கொண்டார்கள். தோட்டத்துக்குப் போகிற பாதைச் சண்டையில் உன் மாமனாரும் அவர் அண்ணனும் பேச்சை விட்டு பதினொரு வருஷம் ஆகிறதாம். இதெல்லாம் பெரியவர்களுக்குத்தானே தெரியும். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, ஒரே கூரையில் வரிசையாகக் கதவு இருந்தால் எல்லாம் நம் வீடுதான். இங்கே ஷீனா காலையில் ஒரு வீட்டில் தோசை தின்று, பத்து மணிக்கு சந்தனமேரி வீட்டுப் பானையைத் திறந்து பார்க்கிறவள், வா என்று யாரும் கூப்பிட்டா போகிறாள்? இந்தக் கேட் சாத்தியிருக்கிறது, பக்கத்துக் கேட் திறந்து கிடக்கிறது, தம்பிக்குப் பசிக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அவர்கள் அடுப்படிக்கே போய்விட்டாள். அந்த வீட்டுப் பெரியம்மா யார் எவர் என்றுகூடக் கேட்காமல் தட்டை வைத்து, இடியாப்பம் மாதிரி பிழிந்து வைத்திருந்த சந்தகையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். நான் மதிலை எட்டிப் பார்த்தபோது இரண்டும் முன்வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்கைவரை பால் வழியத் தின்றுகொண்டிருந்தன. பெரியவர், உன் மாமனாரின் அண்ணன், பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

இதை உன் மாமனாரும் கட்டிலிலிருந்து பார்த்துவிட்டார். மகளைப் பார்த்து அசையாத மனுஷனுக்கு அதைத் தாங்க முடியவில்லை. பிடிக்கம்பியை ஊன்றி, வேட்டி அவிழ, கமலாத்தாள் ஐயோ ஐயோ என்று பின்னால் ஓட, நொண்டிக்கொண்டே மதில்வரை வந்துவிட்டார். ஏனுங்கண்ணா, அது எங்கூட்டுப் புள்ளைங்க, என்ற பேரனும் பேத்தியும், அதுகளுக்குச் சோறு போட இங்க ஆளிருக்குது, அனுப்புங்க இங்க என்று ஒரே சத்தம். பதினொரு வருஷத்துக்கப்புறம் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு. பெரியவர் விசிறியைக்கூட நிறுத்தவில்லை. உன்ற ஊட்டுப் புள்ளைங்கன்னா கேட்டைத் தொறந்து கூப்புட வேண்டியதுதானப்பா, பசியோட எதுக்கு வெயில்ல நிறுத்துன என்றார். உன் மாமனார் பிடிக்கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. விழப்போகிறார் என்று நான் நினைக்கும்போதே மோனிஷா கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் அவர் கைக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்கவே இல்லை. பெரியவர் பிள்ளைகளைத் தூக்கி மதிலுக்கு இந்தப் பக்கம் விட்டார், அஜய் பால் கையோடு தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். நான் கேட்டுக்கு வெளியில் நின்று அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அப்புறம் அவர் என்னைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டு, கமலா, சம்பந்தியம்மாவ உள்ள வரச்சொல்லு என்றார்.

இரண்டு ராத்திரி இருந்தோம். ஷீனா அவர் காலிலிருக்கும் தையலை எண்ணி முடித்துவிட்டாள். அப்பா கொடுத்துவிட்ட தேயிலைத்தூளில் நானே டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை, அவ்வளவு எளிதில் சொல்கிற ஆளா அவர். அண்ணனோடு மறுபடி பேசினாரா என்றால் இல்லை, ஆனால் பிள்ளைகள் அந்தக் கேட்டுக்கும் இந்தக் கேட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்ததை ஒன்றும் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று என்னிடம், அன்னைக்கு மாப்பிள்ளைய வெளிய நிக்க வெச்சது தப்புங்க, மனசுல வெச்சுக்காதீங்க என்றார். நீ அந்தக் கைக்குழந்தையோடு திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது என் கண் முன்னால் வந்தது. அவர் பேரில் பாவமாக இருந்தாலும் சரி போகட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பட்டது அவன், அத நீங்க அவங்கிட்டத்தான் சொல்லணும் என்றேன். மோனிஷாவுக்கு முகம் செத்துவிட்டது, கெடுத்துவிட்டேனோ என்று எனக்கும் பயம்தான். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உனக்கு எந்தக் கிழமை லீவு என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். காலண்டரில் உன் நம்பரை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு பேக்டரி இரைச்சலில் காது இன்னும் மந்தமாகிவிட்டது, நான் திட்டுவது கேட்கவில்லை என்று அவருக்கு அதில் சந்தோஷம். அடுப்படிக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அஜய்க்கு வேர்க்குரு ஆறிவிட்டது. ஜோஸிடம் தேயிலை, நார்த்தங்காய் ஊறுகாய், நெய்யில் வறுத்த ரவை கொடுத்துவிட்டிருக்கிறேன், அறையில் இருக்கிற பையன்களுக்கும் கொடு. ராத்திரி குப்பூஸ் ரொட்டியும் தயிரும் மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே. வாரத்துக்கு ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, என் மேல் கோபமாக இருந்தாலும் உண்டு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வரும். எடு. மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது உன் மனசு. எடுத்துப் பேசு, அது போதும். இங்கே ஒருத்தி அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். நீ எடுத்தவுடன் உன் மாமனார், செய்தது தப்பு என்று சொல்லிவிட மாட்டார், அங்க மழை உண்டுங்களா மாப்பிள்ளை என்றுதான் ஆரம்பிப்பார். மஸ்கட்டில் ஏது மழை என்று குதர்க்கம் பேசாதே. அவருக்கு வாய் வருகிறவரைக்கும் நீயும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிரு, ராசா. போனை மட்டும் வைத்துவிடாதே.

உன் சொல்லை மீறிய அம்மா,
முத்துப்பேச்சி