முதுகு காட்டி நிற்பவருக்கு

என்னங்க,

இங்கே நலம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புவதாக எழுத ஆசைதான், நம்பிக்கைதான் இல்லை. போனில் சொன்னால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றுவிட்டது. பிளம்பர் உங்களை விசாரித்தார். இப்போது பெரிய காலேஜில் விளையாட்டுத் துறை இயக்குநர், தனி அறை, கதவில் பெயர்ப்பலகை என்று அளந்துவிட்டேன். பழைய காலேஜில் சுண்ணாம்பு வாளியோடு கோடு போட்டுக்கொண்டிருந்த சாரா என்று வாயைப் பிளந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் உங்கள் மைதானத்தில் நடக்கும் போட்டிக்கு நம் பெண் வெட்டுக்கிளியும் வருகிறாள். பெயர்ப் பட்டியல் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். நீங்கள் அதில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் தலையை எண்ணியிருப்பீர்களே தவிர, பெயரைப் படித்திருக்க மாட்டீர்கள். நீளம் தாண்டுதலில் அவளுக்கு இதுதான் கடைசிப் போட்டி. படிப்பு முடிகிறது, இனிமேல் குதிக்கப்போவதில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். ஏன்டி என்று கேட்டேன். அப்பா அங்கேதான் இருப்பார், ஆனால் பார்க்க மாட்டார், சொல்லி என்ன ஆகப்போகிறது என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

மைதானத்துக்கு முதுகு காட்டியே இவ்வளவு பெரிய பதவிக்கு வந்தவர் நீங்கள் ஒருத்தர்தான். அந்தப் பழைய காலேஜில் கேலரியின் தடுப்புக் கம்பி சரிந்து பிள்ளைகள் விழுந்தார்களே, அன்றைக்குக் கூட்டத்தின் பக்கம் திரும்பியவர் திரும்பியவர்தான். ஆட்டத்தைப் பார்க்க ஊரே இருக்கிறது, பார்க்கிறவர்களைப் பார்க்க ஒருவனாவது வேண்டாமா என்பீர்கள். வாசல், படிக்கட்டு, ஆம்புலன்ஸ், தண்ணீர் டிரம் என்று உங்கள் கண் சுற்றிக்கொண்டே இருக்கும். யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ கை கால் முழுசாக வீடு திரும்பினார்கள் என்றால் அதில் உங்கள் பங்கு உண்டு. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை.

ஆனால் சொந்தப் பெண் எவ்வளவு தூரம் குதித்தாள் என்பதைக் கைதட்டலை வைத்துக் கணக்குப் போட்டவரும் நீங்கள்தான். சாயங்காலம் அவளிடம், இன்னைக்கு நல்லா குதிச்ச போல என்பீர்கள். அந்த 'போல' எனக்கே சுருக்கென்று இருக்கும். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

இத்தனை வருஷம் உங்கள் பங்குக்கும் சேர்த்து நான் பார்த்தேன். இந்த முறை எங்கள் ஆபீஸில் ஆடிட் நேரம், லீவு கிடையவே கிடையாது என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார். நீங்களும் பார்க்கவில்லை என்றால், பெற்றவர்கள் யாரும் பார்க்காமலே முடிந்துவிடும்.

நான் கேலரியிலிருந்து கவனித்தது ஒன்று உண்டு. ஓடத் தொடங்கும் முன் அவள் கொஞ்சம் நிற்பாள். மூச்சைப் பிடிக்கிறாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லைங்க. நீங்கள் நிற்கும் பக்கம் பார்ப்பாள். உங்கள் முதுகைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுவாள்.

அவள் முறை வரும்போது கேலரியை உங்கள் உதவியாளரிடம் விடுங்கள். அவர் கண்ணும் கண்தானே. நீங்கள் மணல் குழியின் பக்கம் திரும்பி நில்லுங்கள். பதக்கம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அவள் பார்க்கும்போது அங்கே உங்கள் முகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

எத்தனை மீட்டர் என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை, அதை அவளே சொல்வாள். உங்களைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். 'போல' போடாமல் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி