மீன் பக்கத்தில் ஒரு கொசுறு

செவ்வாய், இரவு.

படப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு வாரமாக நிற்கிறோம். ஆறு மீன் இருக்கிறது. நான்கு வயது யாழினி தினமும் ஒன்றை விட்டுவிட்டு ஐந்து என்கிறாள். எண்ண வரவில்லை என்று சொல்ல, காசிமேட்டில் மீன் விற்கும் அவள் அம்மாவை நாளைக்கு வரச் சொல்லியிருந்தேன்.

இன்று அந்த விட்டுப்போன மீனைத் தொட்டேன். "அப்போ இது இன்னா?"

"அது கொசுறு டீச்சர். அம்மா சும்மா போடும். அத்த எண்ணக் கூடாது."

"கொசுறையும் சேத்தா?"

"ஆறு." யோசிக்கவே இல்லை, கழுதை!

பக்கத்தைத் திருப்பினேன். ஏழு வாத்து. ஏழையும் எண்ணினாள்.

"வாத்துல கொசுறு இல்லியா?"

"எங்கம்மா வாத்து விக்காது டீச்சர்."

அம்மா நாளைக்குக் கட்டாயம் வரட்டும். மகள் கூட்டலுக்கே போய்விட்டாள் என்று சொல்லப்போகிறேன்.